20ஆம் தேதிக்கே தீரும் சம்பளம்: முதலில் எதைச் சரிசெய்வது?

கேள்வி: வயது 24. வேலைக்குச் சேர்ந்து பத்து மாதம் ஆகிறது. 1ஆம் தேதி வரும் சம்பளம் 20ஆம் தேதிக்குள் தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு கிரெடிட் கார்டுதான். சம்பளத்தை 100 பங்கு என்று வைத்தால் வாடகை, மளிகை, பயணம், போன், வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் சேர்ந்து 60 பங்கு. கார்டு பாக்கி 50 பங்கு, வட்டி மாதம் 3 சதவீதம். பில்லில் கேட்கும் குறைந்தபட்சத் தொகையை, அதாவது பாக்கியில் 5 சதவீதத்தை, தவறாமல் கட்டிவருகிறேன். செலவு எழுதும் ஆப்பை மூன்று முறை போட்டு மூன்று முறையும் விட்டுவிட்டேன். நண்பர்கள் மாதாமாதம் பங்குச் சந்தையில் போடுகிறார்கள். நானும் சம்பளத்தில் 5 பங்கைப் போட்டுத் தொடங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். அந்த 5 பங்குக்கு உங்கள் கார்டிலேயே வேலை இருக்கிறது.

மாதம் 3 சதவீதம் என்பது கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். வட்டிக்கு வட்டி ஏறினால் ஆண்டுக்கு 42.6 சதவீதம். 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் தொகை இரட்டிப்பாகும் காலம் தோராயமாகத் தெரியும். கட்டாமல் விட்டால் உங்கள் கடன் 24 மாதத்தில் இரட்டிப்பு. ஆண்டுக்கு 42 சதவீதம் உறுதியாகத் தரும் முதலீடு எதுவும் கிடையாது. தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஒரே விதிவிலக்கு: நீங்கள் போடும் ஓய்வூதியத் தொகைக்கு ஈடாக நிறுவனமும் தன் பக்கம் ஒரு தொகை போடுகிறது என்றால் அதை மட்டும் நிறுத்த வேண்டாம்.

குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டால் தாமதக் கட்டணம் வராது, அவ்வளவுதான். வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். உங்கள் கணக்கையே பாருங்கள். பாக்கி 50. மாதக் கடைசியில் வட்டி 1.5 ஏறி 51.5 ஆகிறது. அதில் 5 சதவீதம், 2.58 பங்கு கட்டுகிறீர்கள். மீதி 48.92. கையை விட்டுப் போனது 2.58, கடனில் குறைந்தது 1.08. இனிமேல் கார்டைத் தொடவே இல்லை என்றாலும் இந்த வேகத்தில் பாக்கி 25க்கு இறங்க 32 மாதம் ஆகும். அதற்குள் நீங்கள் கட்டியிருப்பது ஏறக்குறைய 60 பங்கு.

அதே 60ஐ வேறு மாதிரி கட்டலாம். பாக்கி குறையக் குறைய உங்கள் தவணையும் குறைவதுதான் இதிலுள்ள பொறி. மாதம் 5 பங்கு என்று ஒரே தொகையாகப் பிடித்துக்கொண்டால் 12 மாதத்தில் கடன் தீர்ந்து, 13ஆம் மாதத்தில் சில்லறைதான் மிஞ்சும். இரண்டு வழியிலும் கட்டிய மொத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றில் பாதிக் கடன் அப்படியே நிற்கிறது, மற்றதில் கடனே இல்லை.

இது பலிக்கக் கார்டை ஓரம் கட்ட வேண்டும். பாக்கி வைத்திருக்கும்போது பெரும்பாலான கார்டுகளில் வட்டியில்லாக் கெடு போய்விடும். புதிதாக வாங்குவதற்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி. கார்டை வெட்டிப் போடத் தேவையில்லை. ஷாப்பிங் தளங்களிலும் ஆப்களிலும் சேமித்துவைத்த கார்டு எண்ணை அழித்தாலே பாதி வேலை முடிந்தது. மாதாமாதம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சந்தாக்கள் கார்டில் இருந்தால் வங்கிக் கணக்குக்கு மாற்றுங்கள். மாற்றும்போதே இரண்டு மூன்று சந்தாக்கள் வேண்டாம் என்று தோன்றும்.

இப்போது உங்களிடம் எங்கே துண்டு விழுகிறது என்று பார்ப்போம். ஆப் வேண்டாம். அன்றாடம் எழுதும் பழக்கம் எல்லோருக்கும் ஒட்டாது, அது குறையும் அல்ல. மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட், மூன்று மாதக் கார்டு பில், ஒரு பேனா, ஒரு மணி நேரம் போதும். தேதியும் தொகையும் மாறாதவற்றுக்கு ஒரு குறி. ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை வருவதற்கு இன்னொரு குறி: இன்சூரன்ஸ் பிரீமியம், வண்டி சர்வீஸ், மூக்குக்கண்ணாடி, ஊருக்குப் போகும் டிக்கெட். மீதி எல்லாம் உங்கள் கைச்செலவு.

இரண்டாவது வகைதான் பலரையும் கவிழ்க்கிறது. ‘இந்த மாதம் மட்டும் கொஞ்சம் எகிறிவிட்டது’ என்று ஒவ்வொரு மாதமும் சொல்வார்கள். எகிறியது மாதம் அல்ல, ஆண்டுச் செலவு ஒவ்வொன்றாக வந்து நிற்கிறது. ஓராண்டுக்கான தொகையைக் கூட்டி 12ஆல் வகுத்துத் தனியே எடுத்துவையுங்கள். உங்களுக்கு 48 பங்கு வந்தால் மாதம் 4.

அப்படியானால் உங்கள் 100 இப்படி உட்காரும்: நிலையான செலவு 60, கார்டு 5, ஆண்டுச் செலவு 4, அவசரத்துக்கு 5, கைச்செலவு 26. இப்போது நிலையான செலவும் குறைந்தபட்சத் தொகையும் போக 37 பங்கு கையில் நின்றும், 20 நாளில் கரைந்து கார்டுக்குப் போகிறீர்கள். 26க்கு இறங்குவது சுலபமில்லை. டீயைக் குறைத்து இது நடக்காது. கைச்செலவில் மிகப் பெரிய மூன்று இனங்களை மட்டும் எடுத்து ஒவ்வொன்றையும் எவ்வளவு வெட்டலாம் என்று பாருங்கள். மற்றவற்றைத் தொட வேண்டாம்.

அந்த 26ஐச் சம்பளக் கணக்கிலேயே விட்டுவைக்காதீர்கள். தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு திறந்து வாரா வாரம் அதில் போட்டு, அதிலிருந்து மட்டும் செலவழியுங்கள். இங்கே ஒரு சின்னத் தவறு அடிக்கடி நடக்கும்: 26ஐ 4ஆல் வகுத்து வாரம் 6.5 என்று வைத்துக்கொள்வார்கள். மாதத்தில் இருப்பது 4 வாரமல்ல, 4.33. கடைசி இரண்டு மூன்று நாள் வெறுங்கையாக நிற்கும், கார்டு மறுபடி வெளியே வரும். வாரம் 6 தான் சரியான கணக்கு. வெள்ளிக்கிழமை போடுவது நல்லது. சனி, ஞாயிறு எவ்வளவு விழுங்கியது என்று தெரிந்து, வேலை நாட்களில் இழுத்துப் பிடிக்கலாம்.

தானியங்கிப் பரிமாற்றங்களை 1ஆம் தேதிக்கு வைக்காதீர்கள். விடுமுறையால் சம்பளம் ஒரு நாள் தள்ளிப்போனால் எல்லாம் வரிசையாகத் திரும்பும், ஒவ்வொன்றுக்கும் அபராதம். 4ஆம் தேதி பாதுகாப்பானது. முதல் மாதத்து அவசர 5 பங்கைச் சம்பளக் கணக்கிலேயே பாதுகாப்பு இருப்பாக விட்டுவிடுங்கள். கார்டின் ஆட்டோ டெபிட் குறைந்தபட்சத் தொகைக்கு வைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நிலையான தொகைக்கு மாற்றும் வசதி இல்லையென்றால் மீதியை அதே 4ஆம் தேதி நீங்களே செலுத்த வேண்டும்.

3 சதவீத வட்டிக் கடன் இருக்கும்போது அவசரத்துக்கு எதற்கு 5 என்று கேட்பீர்கள். வெறும் கணக்கில் அது நஷ்டம்தான். ஆனால் கையிருப்பே இல்லாதவருக்குப் பல் வலி வந்தாலும் போன் உடைந்தாலும் கார்டுதான் கதி, அத்தனை மாத உழைப்பும் ஒரே நாளில் திரும்பிவிடும். அதனால் 30 பங்கு, அதாவது அரை மாத நிலையான செலவு சேரும் வரை, ஆறு மாதம் மட்டும். ஏழாவது மாதத்திலிருந்து அந்த 5ஐயும் கார்டுக்குத் திருப்புங்கள். அப்போது பாக்கி 27.4 இருக்கும், மாதம் 10 கட்டினால் ஒன்பதாவது மாதத்தில் முடிந்துவிடும்.

50-30-20 என்ற விகிதத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: தேவைக்கு 50, ஆசைக்கு 30, சேமிப்புக்கும் கடனுக்கும் 20. அப்போது அமெரிக்காவில் சட்டப் பேராசிரியராக இருந்த எலிசபெத் வாரனும் அவர் மகளும் 2005இல் பரப்பியது. வரி போகக் கைக்கு வரும் தொகைக்கான கணக்கு. உங்கள் நிலையான செலவே 60 என்பதால் அது உங்களுக்கு இப்போது பொருந்தாது. அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள், சட்டமாக அல்ல. வாடகை ஒப்பந்தம் முடியும்போது அந்த 60ஐக் குறைக்க ஒரு வாய்ப்பு வரும்.

கடன் தீர்ந்ததும் கிடைக்கும் 10 பங்கில் 7ஐ அவசர நிதிக்கும் 3ஐ முதலீட்டுக்கும் பிரிக்கலாம். அவசர நிதி மூன்று மாத நிலையான செலவை, உங்களுக்கு 180 பங்கை எட்டிய பிறகு மொத்தத்தையும் முதலீட்டுக்குத் திருப்புங்கள்.

ஒன்பதாவது மாதத்தில் பாக்கி முழுவதையும் கட்டிய பிறகும் அடுத்த பில்லில் சிறு தொகை வரலாம். பில் போட்ட நாளிலிருந்து நீங்கள் கட்டிய நாள் வரைக்குமான வட்டி அது. தீர்ந்ததென்று நினைத்து அந்தப் பில்லைப் பார்க்காமல் விட்டால் அதற்கும் தாமதக் கட்டணம் போடுவார்கள். அதையும் கட்டி, பில் பூஜ்யம் என்று வந்த பிறகு ஆட்டோ டெபிட்டை முழுத் தொகைக்கு மாற்றிவிடுங்கள்.