நுண்பாசி: செல் சிறுத்தால் விளைச்சல் பெருகுமா?

கேள்வி: கோவளத்துக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறால் ஹேச்சரி (குஞ்சு பொரிப்பகம்) நடத்துகிறோம். ஜோயியா எனும் இளம்பருவக் குஞ்சுகளுக்குத் தீனியாகக் கீட்டோசெராஸ் எனும் நுண்பாசியை வளர்த்துத் தருகிறோம். ஒரு மில்லிக்கு 12 லட்சம் செல் கிடைக்கிறது. நானோகுளோராப்சிஸ் எனும் வேறொரு நுண்பாசியின் செல் சிறியது என்பதால் இருமடங்கு வேகமாக வளரும், மில்லிக்கு 1 கோடி செல் கிடைக்கும் என்கிறார் சென்னை விற்பனையாளர் ஒருவர். மாறலாமா?

பதில்: மாற வேண்டாம். அவர் சொல்வதில் பாதி உண்மை கலந்திருப்பதால்தான் பலரும் ஏமாறுகிறார்கள். செல் சிறுக்கச் சிறுக்க, அதன் பருமனை நோக்க மேற்பரப்பு கூடுகிறது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் எளிதில் உள்ளே செல்கின்றன. ஒளிச்சேர்க்கையிலும் இந்தச் சாதகம் உண்டு: பெரிய செல்லுக்குள் பச்சையம் அடுக்கடுக்காக நிறைந்திருப்பதால் வெளிப்புறப் பச்சையத்தின் நிழல் உட்புறத்தின் மேல் விழுகிறது; சிறிய செல்லில் அந்த நிழல் மிகக் குறைவு. ஆனால் இச்சாதகம் முழுமையாகப் பலிப்பது சத்துக்குறைந்த நடுக்கடலில்தான். உங்கள் தொட்டியில் உரத்துக்குப் பஞ்சமில்லை. பாசி அடர்ந்துவிட்டால் மேலடுக்குச் செல்களே கீழுள்ளவற்றுக்கு வெளிச்சத்தை மறைத்துவிடுகின்றன. மேலும், செல்லின் பருமன் பத்து மடங்கு கூடினாலும் வளர்ச்சி வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறையுமே தவிர, பத்தில் ஒரு பங்காகிவிடாது.

நான் திரும்பத் திரும்ப எச்சரிப்பது செல் எண்ணிக்கையைக் காட்டி நடக்கும் வியாபாரத்தைப் பற்றித்தான். நானோகுளோராப்சிஸ் செல்லின் குறுக்களவை 3 மைக்ரான் என்றும் உங்கள் பாசியினுடையதை 6 மைக்ரான் என்றும் வைத்துக்கொண்டால், பருமனில் எட்டு மடங்கு வேறுபாடு இருக்கிறது. அவருடைய 1 கோடி செல்லும் உங்களுடைய பன்னிரண்டரை லட்சம் செல்லும் ஒரே பருமன்தான். கைநிறையச் சில்லறையைக் காட்டி நோட்டைப் பறித்துக்கொள்வது போன்ற வேலை இது. அந்த 1 கோடியையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். எண்ணும் கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் வைத்து 400 மடங்கில் பார்த்தால், இச்செல்கள் வெறும் பச்சைப் புள்ளிகளாக ஓரிடத்தில் நில்லாமல் துடித்துக்கொண்டிருக்கும். அவசரமாக எண்ணுபவர் பாக்டீரியாவையும் தூசியையும் சேர்த்தே எண்ணிவிடுவார். ஆகவே செல் எண்ணிக்கைக்குப் பதில், பாசியை வடிகட்டி உலர்த்தி நிறுத்த உலர் எடையைக் கேளுங்கள். அதிலும் கடலுப்பு ஒட்டிக்கொண்டு எடையைக் கூட்டும் என்பதால், பாசி தங்கிய வடிதாளை, உப்பு நீங்க அமோனியம் ஃபார்மேட் கரைசலால் அலசி உலர்த்தினார்களா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

அளவு பெருத்தால் வேகம் குறையும் என்ற விதிக்கு உங்கள் கீட்டோசெராஸே விதிவிலக்கு என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அது டயாட்டம் எனப்படும் ஓடுள்ள நுண்பாசி இனம். டயாட்டம் செல்லின் நடுப்பகுதியைப் பெரும்பாலும் வாக்குவோல் எனும் நீர்ப்பை அடைத்துக்கொள்வதால், உயிர்ப்பொருள் ஓரமாக மெல்லிய படலம்போல் ஒதுங்கி, வெளிச்சத்துக்கும் உரத்துக்கும் அருகிலேயே இருக்கிறது. நைட்ரேட்டை அந்தப் பையில் சேமித்துக்கொள்ளவும் முடிகிறது. இதனால் அதே அளவுள்ள பிற பாசிகளைவிட டயாட்டம் வேகமாகப் பிரிகிறது. ஆனால் அதன் ஓடு சிலிக்காவால் ஆனது. அந்த ஓட்டைக் கட்டத் தேவையான சிலிகேட் நீரில் தீர்ந்தால் செல் பிரிதல் நின்றுவிடும். ‘எல்லாப் பாசிக்கும் ஏற்ற உரம்’ என்று விற்கப்படும் கலவையில் சோடியம் மெட்டாசிலிகேட் இல்லையென்றால், எத்தனை மூட்டை கொட்டினாலும் பயனில்லை. இன்னொன்று, பெட்டியும் மூடியும்போல் அமைந்த அந்த ஓட்டின் காரணமாகப் பெரும்பாலான டயாட்டங்களில் தலைமுறைக்குத் தலைமுறை சராசரிச் செல் அளவு சிறுத்துக்கொண்டே போகும். ‘சிறிய செல் ரகம்’ என்று டயாட்டத்தின் தாய்க் கல்ச்சரை (பெருக்குவதற்கான மூலப் பாசியை) யாராவது நீட்டினால், அது கிழடு தட்டிய கல்ச்சராகவும் இருக்கலாம்.

குஞ்சின் வயிற்றையும் பாருங்கள். நானோகுளோராப்சிஸின் செல்சுவர் தடித்தது, எளிதில் செரிக்காது. இபிஏ எனும் ஒமேகா-3 கொழுப்பு நிறைய இருந்தாலும், டிஹெச்ஏ எனும் மற்றொரு ஒமேகா-3 கொழுப்பு அதில் இல்லை என்றே சொல்லலாம். ரோட்டிஃபர் எனும் நுண்ணுயிரியை வளர்ப்பவருக்கு அது நல்ல தீனி. ஜோயியாவுக்குக் கீட்டோசெராஸ், தலாசியோசைரா போன்ற டயாட்டங்களே ஏற்றவை.

அரசு ஆய்வகத்தில் தூய கல்ச்சர் வாங்க விண்ணப்பம், முன்பணம், ஒப்புதல் என்று காத்திருப்பதற்குள் ஜோயியா பருவமே முடிந்துவிடுகிறது. சில நாளில் முடியும் பருவத்துக்கு இப்படியொரு நடைமுறை இருந்தால் இடைத்தரகர்கள் பெருகாமல் என்ன செய்வார்கள்? எனவே அடுத்த தொகுதிக் குஞ்சுகளுக்கான கல்ச்சருக்கு இப்போதே எழுதிப் போடுங்கள்; அது வரும்வரை உங்கள் உரத்தில் சிலிகேட் இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டு, இப்போதுள்ள பாசியையே தொடருங்கள்.