வர்க்கமூலத்துக்குள் −28 வந்தால் எங்கே தவறு?

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன் சார். மின்னூட்டங்களையும் தொலைவையும் கொடுத்து விசையைக் கேட்டால் கூலூம் விதியில் போட்டுவிடுவேன். விசையைக் கொடுத்து மின்னூட்டத்தைக் கேட்டால்தான் தடுமாறுகிறேன். ஒரே அளவுள்ள இரண்டு சிறிய உலோகக் கோளங்கள் 30 செ.மீ. தொலைவில் 1.6 நியூட்டன் விசையோடு ஈர்க்கின்றன. ஒன்றையொன்று தொடவைத்து, திரும்ப அதே தொலைவில் வைத்தால் 0.9 நியூட்டன் விசையோடு விலக்குகின்றன. முதலில் இருந்த மின்னூட்டங்கள் என்ன? நான் போட்டால் வர்க்கமூலத்துக்குள் −28 வந்து நிற்கிறது.

பதில்: தம்பி, அந்த −28ஐ எழுதி அனுப்பியது நல்லதாயிற்று. நீங்கள் எந்த வரியில் சறுக்கினீர்கள் என்பதை அதுவே காட்டிக்கொடுக்கிறது. சூத்திரத்தையும் இருபடிச் சமன்பாட்டையும் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். கேள்வியில் இருக்கும் ‘ஈர்க்கின்றன’ என்ற சொல் மட்டும் உங்கள் கணக்குக்குள் வரவே இல்லை.

முதலில் எண்களைச் சுருக்கிக்கொள்வோம். 10இன் அடுக்குகளைக் கடைசி வரி வரை சுமந்துகொண்டு போவதால்தான் பாதிப் பேர் வழி தவறுகிறார்கள். 30 செ.மீ. என்பது 0.3 மீட்டர், அதன் வர்க்கம் 0.09. (அவசரத்தில் இதை 0.9 என்று எழுதிய விடைத்தாள்கள் எத்தனையோ திருத்தியிருக்கிறேன். இந்த இடத்தில் ஒரு நொடி நின்று பாருங்கள்.) கூலூம் விதிப்படி விசை = 9 × 10⁹ × மின்னூட்டங்களின் பெருக்கற்பலன் ÷ தொலைவின் வர்க்கம். 9 × 10⁹ஐ 0.09ஆல் வகுத்தால் 10¹¹. மின்னூட்டங்களை மைக்ரோகூலூமில் வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் 10⁻⁶ வரும், பெருக்கினால் 10⁻¹². ஆக, இந்தத் தொலைவுக்கு மட்டும் கூலூம் விதி இப்படிச் சுருங்கிவிடும்:

விசை = 0.1 × அ × ஆ

அ, ஆ இரண்டும் மைக்ரோகூலூமில், விசை நியூட்டனில். இனி அடுக்குகளின் தொல்லை இல்லை.

இப்போது தொட்ட பிறகு நடந்ததைப் பார்ப்போம். கோளங்கள் ஒரே அளவு என்று கேள்வியில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே அளவாக இருந்தால்தான் மொத்த மின்னூட்டம் சரிபாதியாகப் பிரியும். ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்றால் இந்த வழி செல்லாது. பிரிந்த பங்கை ‘ப’ என்று வைத்தால் 0.1 × ப² = 0.9; ப² = 9; ப = 3 அல்லது −3. முதலில் 3 என்று எடுத்துக்கொள்வோம். மின்னூட்டம் எங்கும் போய்விடாது. அதனால் தொடுவதற்கு முன்பும் கூட்டுத்தொகை அதேதான்:

அ + ஆ = 6

தொடுவதற்கு முன் 0.1 × (பெருக்கற்பலனின் எண்மதிப்பு) = 1.6. எண்மதிப்பு 16. நீங்கள் இங்கேதான் +16 என்று போட்டீர்கள். ஈர்த்தன என்றால் ஒன்று நேர்க்குறி, மற்றது எதிர்க்குறி. அப்படியானால் பெருக்கற்பலன் எதிர்க்குறியாகத்தான் இருக்க முடியும்:

அ × ஆ = −16

கூட்டுத்தொகை 6, பெருக்கற்பலன் −16. சமன்பாடு அ² − 6அ − 16 = 0. நீங்கள் எழுதியது +16 என்பதால் தன்மைகாட்டி (வர்க்கமூலத்துக்குள் வரும் எண்) 36 − 64 = −28 ஆயிற்று. இப்போது அது 36 + 64 = 100. காரணிப்படுத்தினால் (அ − 8)(அ + 2) = 0. ஒரு கோளத்தில் +8 மைக்ரோகூலூம், மற்றதில் −2 மைக்ரோகூலூம்.

ப = −3 என்று எடுத்திருந்தால் −8, +2 என்று வரும். அதுவும் சரியான விடையே. விசையை மட்டும் அளந்து, எது நேர், எது எதிர் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டையும் எழுதுங்கள். பிறகு திரும்பப் போட்டுச் சரிபாருங்கள்: 8 × 2 = 16, விசை 1.6. சராசரி 3, 3 × 3 = 9, விசை 0.9. அரை நிமிட வேலைதான்.

அந்த ஒரு தொடுகையில் நடந்ததையும் கொஞ்சம் மனக்கண்ணில் பாருங்கள். −2 ஆக இருந்த கோளம் +3 ஆனது என்றால், அதிலிருந்து 5 மைக்ரோகூலூம் அளவுக்கு எலக்ட்ரான்கள் மற்றதற்குப் போயிருக்கின்றன. ஓர் எலக்ட்ரானுக்கு 1.6 × 10⁻¹⁹ கூலூம். வகுத்தால் ஏறக்குறைய 31 லட்சம் கோடி எலக்ட்ரான்கள்! கணக்குப் போடும்போது இப்படி ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டால், ‘மின்னூட்டம் மாறாது’ என்ற வரியை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

விதியைத் தந்த கூலூம் 1785இல் தன் முறுக்குத் தராசில் (கம்பி எவ்வளவு முறுகுகிறது என்பதைக் கொண்டு விசையை அளக்கும் கருவி) கண்டதும் எண்மதிப்பைப் பற்றியதே. கோளங்களுக்கு இடையே 36 பாகை இருந்தபோது முறுக்கு 36 பாகை. இடைவெளியை 18 ஆகக் குறைக்க, முறுக்கு 144 ஆக வேண்டியிருந்தது. தொலைவு பாதி, விசை நான்கு மடங்கு. விதி சொல்வது அவ்வளவுதான். திசையை நாம் படம் வரைந்து, அம்புக்குறி போட்டுத்தான் கணக்குக்குள் கொண்டுவர வேண்டும்.

இதே சிக்கல் வேறு உருவத்திலும் வரும். +4, +1 மைக்ரோகூலூம் 30 செ.மீ. தொலைவில் இருக்கின்றன. மூன்றாவது மின்னூட்டத்தை எங்கே வைத்தால் அதன் மீது விசை இருக்காது? +4இலிருந்து அதன் தொலைவு ‘த’ செ.மீ. என்றால் 4 ÷ த² = 1 ÷ (30 − த)². விரித்து எழுதாதீர்கள், இரு பக்கமும் வர்க்கமூலம் எடுங்கள். 2(30 − த) = த என்றால் த = 20. எதிர்க்குறியை எடுத்தால் 2(30 − த) = −த, த = 60.

எந்த விடை? 20 என்பது இரண்டுக்கும் நடுவில்; அங்கே அம்புகள் எதிரெதிராக இருக்கும், விசை கழிந்துவிடும். 60 என்பது +1ஐத் தாண்டி வெளியே. அங்கே இரண்டு அம்பும் ஒரே பக்கம், விசை கூடிவிடும். அதனால் 20ஐ வைத்துக்கொண்டு 60ஐ விடுங்கள். அந்த +1ஐ −1 ஆக்கிவிட்டு அதே படத்தை மறுபடி வரையுங்கள். சமன்பாடு ஒரு எழுத்தும் மாறாது, ஆனால் இப்போது 60தான் விடை, 20ஐ விட்டுவிட வேண்டும்.