பத்தாவது நிமிடத்தில் வரும் அடைப்பு வாய்வு இல்லை

டீச்சர், மகன் கனடாவிலிருந்து காசு அனுப்பி வாங்கித் தந்த ட்ரெட்மில்லை விற்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு வைத்தியர் உங்களைப் பார்த்து, நடக்கலாம் என்று சொல்லும்வரை அதில் ஏறாதீர்கள்.

முழங்கால் தேய்வது, காலில் புடைத்த நரம்பு, கலோரிக் கணக்கு, இறங்கியதும் வரும் தள்ளாட்டம், ஃபோனில் வந்த வீடியோ என்று கடிதத்தில் பலதையும் கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்கு நடுவே, போகிற போக்கில் எழுதியது போல ஒரு வரி: “பத்து நிமிஷம் நடந்தால் நெஞ்சுக்கு நடுவில அடைக்குது, இடது தாடை வரை இழுக்குது. நின்றால் ரெண்டு மூன்று நிமிஷத்தில போயிடும். முந்தி கால் மணித்தியாலம் நடந்த பிறகுதான் வந்தது. வாய்வு என்று ஒமிப்ரசோல் போடுறன்.” அதற்கு அடுத்த வரியில், 58 வயதில் மாரடைப்பில் போன உங்கள் தம்பியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் அருகருகே எழுதும்போதே உங்களுக்கு விளங்கியிருக்கிறது. பயந்தது சரி. போட்ட மருந்துதான் பிழை.

ஓரளவு நடந்ததும் வருவது, நின்றால் அடங்குவது, தாடைக்கோ தோளுக்கோ இடது கைக்கோ பரவுவது, இந்த மூன்றும் சேர்ந்தால் அது இதயத்துக்கு இரத்தம் போதாமல் வரும் வலி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அஞ்சைனா என்கிறோம். இல்லை என்று பரிசோதனை செய்து ஒரு வைத்தியர் சொல்லட்டும், பார்மசிக் கவுண்டரில் நிற்பவர் சொல்ல முடியாது. வாய்வுக்கு நீங்கள் எத்தனை கிலோமீற்றர் வேகத்தில் நடக்கிறீர்கள் என்று தெரியாது. அமிலம் மேலே வருவதென்றால் சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்போது எரியும், குனிந்தால் எரியும். நடையை நிறுத்தியதும் இரண்டு நிமிடத்தில் மறையாது. ஒமிப்ரசோலும் இரண்டு நிமிடத்தில் வேலை செய்கிற குளிசை இல்லை. அமிலச் சுரப்பைக் குறைக்க அதற்கு மணித்தியாலக் கணக்கில் நேரம் வேண்டும், முழுப் பலன் தெரிய சில நாட்கள் போகும். நீங்கள் நின்றீர்கள், இதயத்தின் வேலை குறைந்தது, வலி போனது. பெயர் மட்டும் குளிசைக்குப் போய்விட்டது.

ஆறு மாதத்துக்கு முன் எடுத்த ஈ.சி.ஜி. நன்றாக இருந்தது என்கிறீர்கள். அது கட்டிலில் படுத்திருக்கும்போது எடுத்தது. ஒடுங்கிய இரத்தக்குழாயும் படுத்திருக்கும் இதயத்துக்கு வேண்டியதைக் கொடுத்துவிடும். வேலை கூடும்போதுதான் போதாமை வெளியே தெரியும். பத்து வருடத்துக்கு மேல் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு வலி மழுங்கிப்போய் வெறும் மூச்சிரைப்பாக, களைப்பாக, தாடைக் கடுப்பாக மட்டும் வருவதும் உண்டு. பெண்களுக்கு இது இன்னும் அதிகம். உங்களுக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிந்தது நல்லதற்கே.

எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தருவது, கால் மணித்தியாலத்தில் வந்தது இப்போது பத்து நிமிடத்திலேயே வருகிறது என்பதுதான். குறைந்த உழைப்பிலேயே வலி வரத் தொடங்கினால் அடைப்பு நிலையாக இல்லை என்று அர்த்தம். ஆகவே கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்காதீர்கள். இதை வாசிக்கிற இன்றைக்கே யாரையாவது கூட்டிக்கொண்டு திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கே “வாய்வு” என்ற சொல்லை வாயில் எடுக்க வேண்டாம். “4 கிலோமீற்றர் வேகத்தில் நடந்தால் பத்தாவது நிமிடத்தில் நெஞ்சு அடைக்கிறது, தாடைக்கு இழுக்கிறது, நின்றால் போகிறது, இப்போது முந்தியதை விடக் கெதியாக வருகிறது” என்று இந்த ஒழுங்கிலேயே சொல்லுங்கள். ஈ.சி.ஜி.யும், இதயத் தசைக்குப் பாதிப்பா என்று காட்டும் ட்ரொபோனின் இரத்தப் பரிசோதனையும் எடுத்துப் பார்ப்பார்கள். நிலை அடங்கிய பிறகு தேவைப்பட்டால் உடற்பயிற்சி ஈ.சி.ஜி. செய்வார்கள். அதுவும் ட்ரெட்மில்தான். வழக்கமான முறையில் மணிக்கு 2.7 கிலோமீற்றர் வேகம், 10% ஏற்றத்தில் தொடங்கி மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டுவார்கள். பக்கத்தில் வைத்தியரும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் இயந்திரமும் இருக்கும். அதை வீட்டில் செய்து பார்க்கலாம் என்று சொல்லும் வீடியோக்களை அழித்துவிடுங்கள்.

அதற்கு முன்னரே, சும்மா இருக்கும்போது இந்த அடைப்பு வந்தால், வியர்த்துக் கொட்டினால், மயக்கம் வந்தால், அல்லது உட்கார்ந்து பத்து நிமிடத்திலும் அடங்காவிட்டால் 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழையுங்கள். ஓட்டோ பிடித்துப் போக வேண்டாம். அம்புலன்ஸ் வரும்வரை, ஆஸ்பிரின் ஒவ்வாமையோ இரத்தக் கசிவோ இல்லாதவராக இருந்தால் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம். இது அந்த ஒரு நேரத்துக்கு மட்டும். “இதயத்துக்கு நல்லது” என்று தினமும் தானாகப் போட்டு வயிறு புண்ணாகி வருகிறவர்கள் போதும்.

இனி அந்த அற்றெனோலோல் விஷயம். ட்ரெட்மில் திரையில் ‘இலக்கு’ நாடித்துடிப்பு வரவில்லை, குளிசைதான் தடுக்கிறது என்று நீங்களாகவே அதைப் பாதியாக்கியிருக்கிறீர்கள். கடிதத்தில் இதைச் சாதனை போல எழுதியிருக்கிறீர்கள், எனக்கு வாசிக்கவே பதறியது. நாடித்துடிப்பைக் குறைத்து இதயத்துக்கு ஓய்வு கொடுப்பதுதான் அந்தக் குளிசையின் வேலை. அதைத் திடீரென்று குறைத்தாலோ நிறுத்தினாலோ அஞ்சைனா கூடும், மாரடைப்பும் வரலாம். உங்கள் அடைப்பு கெதியாக வரத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே குளிசையைக் குறைத்த கதையை வைத்தியரிடம் மறைக்காதீர்கள். அந்த இலக்குக்கு அடிப்படையான உச்ச நாடித்துடிப்பை, 220இலிருந்து வயதைக் கழித்துப் பார்க்கும் கணக்கு எப்படியும் குத்துமதிப்பானது. 61 வயதுக்கு 159 என்று வரும் எண் ஒருவருக்கொருவர் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடக்குறையும். அற்றெனோலோல், அதே வகையான பிசோப்ரோலோல் போடுகிறவர்களுக்கு அது பொருந்தவே பொருந்தாது. கைபிடியில் இருக்கும் உலோகத் தகடு காட்டும் எண்ணையும் நம்ப வேண்டாம்.

கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது எதுவும் வரவில்லையே, ட்ரெட்மில்லில் மட்டும் ஏன் வருகிறது என்று கேட்டீர்கள். கோட்டை வாசலால் நுழைந்து ஏறும்போது மான்களைப் பார்க்க நிற்கிறீர்கள், தெரிந்தவர்களோடு கதைக்கிறீர்கள், செருப்பு வைக்க நிற்கிறீர்கள். உடல் தனக்கு வேண்டிய ஓய்வை உங்களுக்குத் தெரியாமலே எடுத்துக்கொள்கிறது. ட்ரெட்மில் அப்படி விடாது. ஒரே வேகத்தில் இழுத்துக்கொண்டே போகும், மறைந்திருந்த குறை வெளியே வந்துவிடும். ட்ரெட்மில்லில் விழுந்து இறந்தவர் என்று உங்களுக்கு வந்த வீடியோவிலும் சொல்லாமல் விட்டது இதைத்தான். இயந்திரம் அடைப்பை உண்டாக்குவதில்லை. அடைப்பு இருப்பது தெரியாமல், அல்லது தெரிந்தும் கவனிக்காமல், பழக்கமில்லாத வேகத்தில் ஓடுவதுதான் ஆபத்து.

மற்றவற்றைக் கெதியாகச் சொல்லிவிடுகிறேன். சமதரை நடையால் முழங்கால் தேயாது, தொடைத் தசை பலப்பட்டு வலி குறையும். காலில் புடைத்த நரம்புக்கும் நடை நல்லது, நின்றுகொண்டே இருப்பதுதான் கூடாது. கலோரி எண் உங்களைப் பார்த்துச் சொல்லப்படுவதில்லை. கைபிடியில் பாரத்தைப் போட்டு நடந்தால் காலின் வேலையில் ஒரு பங்கைக் கை தாங்கிவிடும், திரை அதையும் சேர்த்தே கணக்குப் போடும். ‘கொழுப்புக் கரைக்கும் வேகம்’ என்ற பொத்தானை மறந்துவிடுங்கள். இறங்கியதும் தரை நகர்வது போல இருப்பது ஓரிரு நிமிடத்தில் போகும். ஆனால் கண் இருட்டி வந்தால் அது வேறு. சடாரென்று நிறுத்தியதும் இரத்தம் காலில் தங்கிவிடும், பிரஷர் குளிசை போடுகிறவர்களுக்கு அது இன்னும் கூடும். கடைசி ஐந்து நிமிடம் வேகத்தைப் படிப்படியாக 1.5க்குக் கொண்டுவந்தால் வராது.

வைத்தியர் அனுமதி தந்த பிறகு, அவர் சொல்லும் எல்லைக்குள், இப்படித் தொடங்கலாம்: 2.5 கிலோமீற்றர் வேகத்தில் ஐந்து நிமிடம், 3.5இல் பத்து நிமிடம், பிறகு இறக்கி ஐந்து நிமிடம். வாரத்துக்கு ஐந்து நாள். நடுப்பகுதியை வாரம் ஐந்து நிமிடமாகக் கூட்டி 30 நிமிடத்துக்குக் கொண்டுவந்தால் வாரத்துக்கு 150 நிமிடம், அது போதும். அளவு சரியா என்று பார்க்க உங்களுக்குத் திரை தேவையில்லை. கதைக்க முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதற்குப் பிறகு வேகத்தைத் தொட வேண்டாம், ஏற்றத்தை வாரம் 1% கூட்டுங்கள். 4 கிலோமீற்றர் வேகத்தில் 4% ஏற்றம் வைத்தால் உடலுக்கு வேண்டிய ஒட்சிசன் சமதரையை விட ஏறத்தாழ அரைப்பங்கு கூடுகிறது, முழங்காலில் குத்தும் அடி கூடுவதில்லை. கெண்டைக்கால் இழுத்தால் ஒரு படி இறங்குங்கள். நெஞ்சோ தாடையோ இழுத்தால் அன்றைய நடை அத்தோடு முடிந்தது.

சீனி வருத்தத்துக்குக் கிளிக்ளசைட் போடுகிறீர்கள், மெட்ஃபோமின் மட்டும் போடுகிறவர்களை விட உங்களுக்குச் சீனி இறங்க வாய்ப்பு அதிகம். காலையில் வெறும் வயிற்றில் ஏற வேண்டாம். நடக்க முன் இரத்தச் சீனி 90 mg/dLக்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். நடுக்கமும் வியர்வையும் வந்து 70க்குக் கீழே காட்டினால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மத்தியானம் பூட்டிய அறையில் நடக்கக் கூடாது. விடிகாலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு, ஜன்னலைத் திறந்து, ஃபானைப் போட்டு நடவுங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நைற்றி கணுக்கால் வரை தொங்குகிறது, காலில் இறப்பர் செருப்பு, சிவப்புச் சாவியின் கயிறு கைபிடியில் சுற்றிக் கிடக்கிறது, பின்னால் இரண்டடியில் அலுமாரி. நான்கும் மாற வேண்டும். நைற்றியின் விளிம்பு பின் உருளையில் அகப்பட்டால் ஆளையே இழுத்துவிடும். அந்தச் சாவிக் கிளிப் உங்கள் உடுப்பில், இடுப்பளவில் இருக்க வேண்டும். நீங்கள் பின்னால் போனால் கயிறு இழுபட்டுச் சாவி கழன்று பெல்ட் நிற்பதற்காகத்தான் அது இருக்கிறது. கைபிடியில் சுற்றி வைத்தால் நீங்கள் விழுந்தாலும் பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். அலுமாரிக்கும் உங்களுக்கும் நடுவில் அகப்பட்டு, ஓடும் பெல்ட்டில் தோல் உரிந்துபோவதுதான் வீட்டு ட்ரெட்மில் விபத்தில் மோசமானது. பின்னால் 2 மீற்றர், இரண்டு பக்கமும் அரை மீற்றராவது வெறுமையாக இருக்கட்டும். ஏறும்போது பக்கத்து விளிம்பு இரண்டிலும் கால் வைத்து நின்று, பெல்ட் மெதுவாக ஓடத் தொடங்கிய பிறகே காலை வையுங்கள்.

செருப்பு வேண்டாம், வெறுங்காலும் வேண்டாம். காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் கொப்புளம் வந்ததே தெரியாது, அது புண்ணாகி விரலை எடுக்கும்வரை போன கதைகள் இந்த ஊரில் நிறைய. பருத்திக் காலுறையும் முன்பக்கம் அகலமான சப்பாத்தும் போட்டு, நடந்து முடிந்ததும் வெளிச்சத்தில் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பாருங்கள்.

பெல்ட் இழுத்து இழுத்து ஓடுகிறது என்றீர்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு பெல்ட்டுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள், உலர்ந்திருந்தால் அதற்கென்று விற்கும் சிலிக்கோன் எண்ணெய் வேண்டும். மருமகன் சொன்ன தேங்காய் எண்ணெய் பிசினாகித் தூசியைப் பிடிக்கும், பெல்ட் திடீரென்று தடக்கி ஆளைத் தள்ளும். பெல்ட் வலது பக்கம் ஒதுங்கினால் பின்னால் உள்ள வலது திருகை வலஞ்சுழியாகக் கால் சுற்று முடுக்கிவிட்டுச் சிறிது நேரம் ஓட விட்டுப் பார்க்க வேண்டும், இடது பக்கம் என்றால் இடது திருகு. இதை மருமகன் செய்யட்டும், நீங்கள் குனிய வேண்டாம். எக்ஸ்டென்ஷன் வயரில் போடாமல், எர்த் உள்ள சுவர்ப் பிளக்கில் நேரடியாகப் போடுங்கள். விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்தால் சாவியைக் கழற்றி உயரத்தில் வையுங்கள். ஓடும் பெல்ட்டில் கை வைத்த சின்னப் பிள்ளைகளின் விரல் தோல் எலும்பு தெரிய உரிந்துவிடும், பிறகு தையலும் ஒட்டுத்தோலும் என்று போகும். பிளக்கையும் கழற்றிவிடுங்கள்.