"இந்த எழுத்துகள் உள்ள ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்" எப்படிக் கண்டுபிடிப்பது? பட்டியல்களை மனப்பாடம் செய்ய வேண்டுமா?

மனப்பாடம் வேண்டாம். கேள்வி கேட்டவர் வேர்டில் விளையாடுகிறார் என்று நினைக்கிறேன், ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றை ஆறு வாய்ப்புக்குள் ஊகிக்கும் இணையப் புதிர். "நடுவில் ஓ, கடைசியில் ஈ" என்று கூகிளில் அடித்தால் நீளமான பட்டியல் வந்து விழும். இன்றைய புதிர் முடியும். நாளைக்கு வேறு எழுத்துகள் வந்தால் திரும்பவும் கூகிள்தான். அந்தப் பட்டியல்களில் கிடக்கும் விசித்திரமான சொற்கள் வேர்டிலுக்குத் தேவையும் இல்லை. ஜோஷ் வார்டில் 2021இல் அதை வெளியிட்டபோது, விடைகளாக வைத்தது பலருக்கும் தெரிந்த சுமார் 2,300 சொற்களைத்தான். வெறும் எஸ் சேர்த்த பன்மைகள்கூட விடையாக வருவதில்லை.

நான் திருகோணமலையில், உவர்மலைப் பக்கம், சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஆங்கில ரியூசன் கொடுக்கிறேன். இந்த விளையாட்டுக்கு அவர்களிடம் நான் எடுக்கச் சொல்வது நன்னூலை. சிரிக்கிறார்கள், பரவாயில்லை. எழுத்ததிகாரத்தில் மொழிமுதல், மொழியிறுதி, மெய்ம்மயக்கம் என்று வருகிறதல்லவா? எந்த எழுத்து சொல்லைத் தொடங்கும், எது முடிக்கும், எந்த மெய்க்குப் பக்கத்தில் எந்த மெய் நிற்கும் என்ற கணக்கு அது. க், ச், ட், த், ப், ற் ஆறும் தமிழ்ச் சொல்லின் கடைசியில் நிற்காது. அதனால் தமிழில் குறுக்கெழுத்துப் போடுகிறவர் கடைசிக் கட்டத்துக்கு அவற்றை நினைத்தும் பார்ப்பதில்லை. ஆங்கிலத்துக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. ஒரு பவணந்தி முனிவர்தான் வாய்க்கவில்லை.

உதாரணமாக வி. அந்த எழுத்தில் முடியும் ஆங்கிலச் சொல் மிக அரிது. ஆகவே நாலாவது கட்டத்தில் வி இருந்தால் ஐந்தாவது பெரும்பாலும் ஈ: பிரேவ், குளோவ், கேர்வ். அல்லது ஹெவி போல வை. குவாவா மாதிரி ஒன்று எப்போதாவது தலைகாட்டும், நம் கொய்யாப்பழம்தான். சி-கே ஜோடி சொல்லை முடிக்கும், தொடங்காது. தொடக்கத்தில் மூன்று மெய்கள் வரிசையாக நின்றால் அநேகமாக முதலாவது எஸ் (ஸ்ட்ரீட், ஸ்பிரிங்), இல்லாவிட்டால் இரண்டாவது எச் (த்ரீ, ஷ்ரப்). ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஒன்றுமே சிக்கவில்லையா, வை-யைத் தேடுங்கள்: நிம்ஃப், ஜிப்சி, கிரிப்ட். கியூவுக்குப் பின்னால் யூ வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிரபிள்காரர்கள் மட்டும் "ச்சீ" என்று ஒலிக்கும் கியூ-ஐ என்ற ஈரெழுத்துச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு நம்மை மடக்குவார்கள்.

ஸ்கிரபிள் என்றதும் இன்னொன்று. அதை உருவாக்கிய அல்பிரட் பட்ஸ், பத்திரிகைப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று உட்கார்ந்து எண்ணித்தான் கட்டைகளைப் பங்கிட்டார். 100 கட்டைகளில் ஈ மட்டும் 12. கியூவும் இசட்டும் ஒவ்வொன்றுதான், அதனால்தான் அவற்றுக்கு 10 புள்ளி. எஸ் அடிக்கடி வருகிற எழுத்துத்தான், ஆனாலும் நாலு கட்டைதான் வைத்தார். அதிகம் வைத்தால் எல்லாச் சொல்லையும் பன்மையாக்கியே ஆட்டம் முடிந்துவிடும் அல்லவா. ஒரு பெட்டியைத் திறந்து கட்டைகளை எண்ணிப் பார்த்தாலே எந்த எழுத்தை முதலில் சோதிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

எழுத்து இருக்கும் இடம் தெரிந்தும் மாட்டிக்கொள்வது ஐ-ஜி-எச்-ரீ என்ற வாலில். நாலு எழுத்தும் பச்சை, அதாவது சரியான இடத்தில், என்று சந்தோஷப்படுவோம். ஆனால் முன்னால் நிற்கக்கூடியவை எய்ட், ஃபைட், லைட், மைட், நைட், ரைட், சைட், டைட் என்று எட்டு. கடலோடிகள் சொல்லும் பைட், அதாவது அகன்ற வளைகுடா, அதையும் சேர்த்தால் ஒன்பது. மொத்த வாய்ப்பே ஆறு! ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது வீண். ஒரு வாய்ப்பை வேண்டுமென்றே "ஃபில்ம்ஸ்" என்று செலவழியுங்கள். எஃப், எல், எம், எஸ் நாலும் ஒரே அடியில் சோதனையாகிவிடும். நாலும் சாம்பல் நிறமா, அதாவது விடையில் இல்லையா? அடுத்து "என்டர்" போடுங்கள். ஈ பச்சையானால் எய்ட், என் நிறம் மாறினால் நைட், ஆர் மாறினால் ரைட், மூன்றும் மாறாவிட்டால் பெரும்பாலும் டைட். கண்டுபிடித்த எழுத்துகளை அடுத்த சொல்லிலும் வைத்தே ஆக வேண்டும் என்ற ஹார்ட் மோட் போட்டிருந்தால் இந்த வழி செல்லாது, அப்போது அதிர்ஷ்டம்தான்.

பிள்ளைகளோடு பழகுவதற்கு எங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் திருகோணமலைக்குப் பதினோரு எழுத்து: ரீ, ஆர், ஐ, என், சி, ஓ, எம், ஏ, எல், ஈ, ஈ. நல்ல சரக்குள்ள பெயர். ஐந்தெழுத்து கேட்டால் கோரல், லெமன், ஓஷன் வரும். ஓஷனின் எழுத்துகளையே மாற்றி அடுக்கினால் கெனூ, கடலும் தோணியும் ஒரே எழுத்துகளில். பெரிய எழுத்துப் பெயர்களை அனுமதித்தால் "தமிழ்" என்பதன் ஆங்கில எழுத்து ஐந்தும் உள்ளே இருக்கின்றன. ஏழெழுத்துக்கு கிளைமேட், மிராக்கிள். எட்டெழுத்துக்கு ரொமான்டிக் என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல் வரும், எதிர்பார்த்ததுதான். ஒருத்தி கிளாரினெட் கண்டுபிடித்துவிட்டு, "ரீச்சர், அது என்ன சாமான்?" என்று கேட்டாள். ஓ ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மீதிப் பத்தையும் கலைத்து அடுக்கினால் மேர்க்கன்டைல். துறைமுக நகரத்தின் பெயருக்குள் வணிகம் குறித்த சொல் கிடப்பது தற்செயல்தான், இருந்தாலும் எனக்கு அது பிடிக்கும். நிச்சயம் உங்கள் ஊர்ப் பெயருக்குள்ளும் ஏதாவது கிடக்கும், தேடிப் பாருங்கள்.

கட்டமைப்பைப் பார்க்கும் பழக்கத்துக்கு நல்ல உதாரணம் கெட்டமரான். நம் கட்டுமரம்தான் ஆங்கிலத்துக்குப் போய் ஒன்பது எழுத்தாக நிற்கிறது: இரண்டு, நாலு, ஆறு, எட்டாம் இடங்களில் ஏ, ஒற்றை இடங்களில் எல்லாம் மெய். ஒன்பது கட்டத்தில் இந்த மாதிரி ஒரு வரிசை தெரிந்தால், நான் முதலில் எழுதிப் பார்ப்பது இதைத்தான்.

சொற்றொடர்கள் தனிச் சொற்களைவிட இலகு. பலர் பயப்படுவது தேவையில்லாதது. ஆங்கிலக் குறுக்கெழுத்தில் துப்புக்குப் பக்கத்தில் 4, 4, 1, 4 என்று நீளம் போட்டிருப்பார்கள். ஓரெழுத்துச் சொல் ஏ அல்லது ஐ தவிர வேறென்ன? "ஒன்ஸ் அப்பொன் ஏ டைம்" பாதி வந்துவிட்டது. இரண்டெழுத்து என்றால் இன், ஒன், ஒஃப், டு, அட், பை, அப் இவைகளுக்குள் பெரும்பாலும் முடியும். இடையில் மூன்றெழுத்து என்றால் முதலில் "த", பிறகு "அண்ட்" போட்டுப் பாருங்கள். 5, 3, 5 என்றால் பிளாக் அண்ட் வைட். 4, 4, 3, 6 என்றால் ஹூக், லைன் அண்ட் சிங்கர், தூண்டிலோடு ஈயக் குண்டையும் சேர்த்து விழுங்கிய மீனின் கதை. சின்னச் சொற்களை நிரப்பிவிட்டால் பெரிய சொற்களுக்குக் குறுக்கே வரும் எழுத்துகளே வழிகாட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் நகரவில்லை என்றால் தேடலாம், அதில் குற்றமில்லை. ஆனால் பட்டியல் பக்கங்களுக்குப் போகாதீர்கள். ஒன்லுக் என்ற அகராதித் தேடலில் தெரியாத ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி போட்டு, தெரிந்த எழுத்தை அதன் இடத்தில் அடியுங்கள். எத்தனை எழுத்து என்று தெரியாவிட்டால் நட்சத்திரக்குறி. பொருளும் அங்கேயே கிடைக்கும்.