சீனாவிலிருந்து ரிஃபார்மர் வாங்கினேன், இன்வாய்ஸில் பாதி விலைதான் இருக்கிறது

கேள்வி: கோவையில் பிலாட்டிஸ் ஸ்டூடியோ தொடங்கப் போகிறேன். சீனாவில் குவாங்டாங் மாகாணத்தில் இருக்கும் ஒரு தொழிற்சாலையிடம் ஆறு ரிஃபார்மர் (ஸ்பிரிங் வைத்த பிலாட்டிஸ் பயிற்சிக் கருவி) வாங்கினேன். கப்பல் கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 10 லட்சம் ரூபாயை என் கரண்ட் அக்கவுண்டிலிருந்தே அனுப்பினேன். வரி குறையும் என்று சொல்லி 5 லட்சத்துக்கு இன்வாய்ஸ் போட்டுவிட்டார்கள், கிளியரிங் ஏஜென்ட்டும் அதை வைத்தே பில் ஆஃப் என்ட்ரி (கஸ்டம்ஸுக்குக் கொடுக்கும் இறக்குமதி அறிவிப்பு) தாக்கல் செய்துவிட்டார். இப்போது கஸ்டம்ஸ் விலையைச் சந்தேகப்பட்டு பேங்க் ஆதாரம் கேட்கிறது. சரக்கு மணலி பக்கம் கன்டெய்னர் யார்டில் கிடக்கிறது, வாடகை ஏறிக்கொண்டே போகிறது. 5 லட்சத்துக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு பேமென்ட் ரசீது தருகிறேன் என்கிறார் சப்ளையர். அதைக் கொடுக்கலாமா? கட்டும் ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்குமா?

பதில்: அந்த ரசீதைக் கொடுக்காதீர்கள். சப்ளையரிடம் இனி அதைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள்.

இதுவரை நடந்தது விலையைக் குறைத்துக் காட்டிய விவகாரம், கையைக் கடிக்கும், ஆனால் பெரும்பாலும் பணம் கட்டி வெளியே வந்துவிடலாம். பொய் ஆவணம் என்று தெரிந்தே ஒரு காகிதத்தை உள்ளே கொடுத்தால் சுங்கச் சட்டம் 1962-இன் 132-ஆவது பிரிவு வரும், அதில் இரண்டு வருடம் வரை சிறை உண்டு. இத்தனைக்கும் அந்தப் பொய் நிற்கவும் நிற்காது. உங்கள் பேங்க் 10 லட்சம் வெளியே போனதாக இறக்குமதிப் பணத்தைக் கண்காணிக்கும் ரிசர்வ் வங்கியின் ஐடிபிஎம்எஸ் கணினியில் ஏற்றியிருக்கும், அதற்குச் சமமான பில் ஆஃப் என்ட்ரி வந்து சேரும்வரை அந்தக் கணக்கை மூடவும் மாட்டார்கள். கஸ்டம்ஸில் தாக்கலாகும் பில் ஆஃப் என்ட்ரியும் அதே இடத்துக்குத்தான் போகிறது. மீதி 5 லட்சம் எங்கே என்று இன்று கஸ்டம்ஸ் கேட்காவிட்டால் நாளைக்கு பேங்க் கேட்கும், அப்புறம் அது ஃபெமா (அந்நியச் செலாவணிச் சட்டம்) விவகாரம்.

இவ்வளவு ரிஸ்க் எடுத்து எதை மிச்சம் பிடிக்கப் பார்த்தீர்கள் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரிஃபார்மர் 9506 91 என்ற தலைப்பில் வரும் உடற்பயிற்சிக் கருவி. அடிப்படை சுங்க வரியை 20% என்று வைத்துக்கொள்வோம், அதன் மேல் சமூக நல கூடுதல் வரி அந்த 20-இல் பத்தில் ஒரு பங்கு, பொருளின் விலையோடு இரண்டையும் சேர்த்த தொகை மேல் ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கான ஜிஎஸ்டி) 18%. உங்கள் 10 லட்சத்துக்கு 2,00,000, 20,000, 2,19,600, ஆக மொத்தம் 4,39,600 ரூபாய். 5 லட்சம் என்று காட்டியதால் அது 2,19,800 ஆனது. மிச்சமும் அதே 2,19,800-தான். அதற்காக இப்போது 111(m) பிரிவின்படி ஆறு ரிஃபார்மரும் பறிமுதலுக்கு உரியவை ஆகிவிட்டன. பயப்பட வேண்டாம், 125-ஆவது பிரிவில் மீட்புத் தொகை கட்டி எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் அந்தத் தொகையும் 112-ஆவது பிரிவின் அபராதமும் வித்தியாச வரிக்கு மேல் தனியாக வரும். எவ்வளவு என்பது பெரும்பாலும் அதிகாரியின் முடிவு, அதனால்தான் நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதற்கு இவ்வளவு மதிப்பு.

இந்த வாரமே ஒரு கடிதம் எழுதுங்கள். முதலில் வந்த புரோஃபார்மா இன்வாய்ஸ், பணம் அனுப்பியதற்கு பேங்க் கொடுத்த ஸ்விஃப்ட் நகல், அக்கவுண்ட் ஸ்டேட்மென்ட் மூன்றையும் இணைத்து, செலுத்திய உண்மையான விலை இதுதான், இந்த விலைக்கே வரியை மறுமதிப்பீடு செய்யுங்கள், ஷோகாஸ் நோட்டீஸ் (விளக்கம் கேட்கும் நோட்டீஸ்) தேவையில்லை, தனிநபர் விசாரணையில் விளக்கிக்கொள்கிறேன் என்று கேளுங்கள். சென்னையில் 2020 ஜூன் முதல் முகமில்லா மதிப்பீடு இருக்கிறது, உங்கள் பில்லைப் பார்க்கும் அதிகாரி வேறு ஊரில் உட்கார்ந்திருக்கலாம், ஆகவே ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸில் யாரையோ தெரியும் என்று ஏஜென்ட் சொல்வதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். எழுத்தில் இருப்பதுதான் பேசும்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் பக்கங்களைப் பார்த்தேன். 'லோ இன்வாய்ஸ், நோ பிராப்ளம்' என்று சப்ளையர் எழுதியதற்குக் கீழே நீங்கள் கட்டைவிரல் எமோஜி போட்டிருக்கிறீர்கள். அதனால் 'எனக்கு எதுவும் தெரியாது' என்று கடிதத்தில் எழுதாதீர்கள். அந்தப் பக்கங்களை அழிக்கவும் செய்யாதீர்கள், அழித்தது தெரிந்தால் இன்னும் மோசம். 108-ஆவது பிரிவில் சம்மன் வந்தால் அங்கே கொடுக்கும் வாக்குமூலம் சாட்சியமாகவே எடுக்கப்படும், வக்கீலைப் பார்க்காமல் போகாதீர்கள்.

சரி, நீங்கள் உண்மையைச் சொன்ன பிறகும் '10 லட்சமும் குறைவு, மற்றவர்கள் இதே பொருளை 14 லட்சத்துக்கு இறக்கியிருக்கிறார்கள்' என்று அதிகாரி மதிப்பை ஏற்றினால்? அங்கே விட்டுக்கொடுக்க வேண்டாம். சரக்கு வெளியே வந்தால் போதும் என்று ஏஜென்ட் ஒரு சம்மதக் கடிதத்தை நீட்டுவார், அதில் கையெழுத்துப் போட்டால் காரணம் எழுதிய ஆணை கேட்கும் உரிமை போய்விடும். கையெழுத்துப் போடாமல் 17(5)-இல் ஆணை கேளுங்கள், 15 நாளில் தர வேண்டும். அதன் மேல் ஆணையர் (மேல்முறையீடு) முன் 60 நாளுக்குள் போகலாம், தகராறில் இருக்கும் வரியில் 7.5% முன்கூட்டிக் கட்ட வேண்டும்.

யார்டு வாடகைக்கு: 49-ஆவது பிரிவில், கிளியரன்ஸ் முடியும்வரை சரக்கைக் கிடங்குக்கு மாற்ற அனுமதி கேட்டு இன்றே மனு போடுங்கள். வாடகை தினமும் கூடும் இடத்தைவிட அங்கே செலவு குறையும். முறைப்படி முடக்கிவைத்த சரக்குக்கு யார்டு வாடகை வாங்கக் கூடாது என்று 2009 விதிமுறை இருக்கிறது, ஆனால் வெறும் விலைக் கேள்வி நிலுவையில் இருப்பதை முடக்கம் என்று யார்டுக்காரர் ஏற்க மாட்டார். அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

ஏஜென்ட் இன்னொரு யோசனை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், பிசியோதெரபி கருவி என்று 9019-க்கு மாற்றினால் வரி குறையுமாமே. மருத்துவ மேற்பார்வையில் நோயாளிக்குப் பயன்படும் கருவிக்குத்தான் அந்தத் தலைப்பு, ஸ்டூடியோ என்று போர்டு மாட்டிய இடத்துக்குப் போகும் ரிஃபார்மருக்கு ஒட்டாது. மருத்துவக் கருவி என்றே வைத்துக்கொண்டாலும் அதற்கான பதிவு எங்கே என்று அடுத்த கேள்வி வரும். ஏஜென்ட்டை மாற்றுவது நல்லது.

ஜிஎஸ்டி விஷயத்தில் கசப்பான பதில்தான். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம், யோகா, உடல்நலப் பயிற்சிச் சேவைகளுக்கு 5%, ஆனால் உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்வது) கிடையாது. பழையபடி 18% வாங்கி வரவு எடுத்துக்கொள்கிறேன் என்று நீங்களாகத் தேர்ந்தெடுக்கவும் முடியாது. ஆகவே அந்த 2,19,600 முழுக்க உங்கள் முதலீட்டுச் செலவு. ரிஃபார்மரின் விலையோடு சேர்த்துக் கணக்கில் ஏற்றி வருமான வரியில் தேய்மானம் எடுங்கள், ஆடிட்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அடுத்த முறைக்கு 'வாசல் வரை டெலிவரி, வரியெல்லாம் எங்கள் பொறுப்பு' என்று யாராவது சொன்னால் யாருடைய ஐஇசி (இறக்குமதி-ஏற்றுமதி) எண்ணில் சரக்கு இறங்குகிறது என்று கேளுங்கள். முன்பின் தெரியாத ஒருவரின் எண் என்றால் பில் ஆஃப் என்ட்ரியில் உங்கள் பெயர் இருக்காது, பேங்க்கிடம் காட்ட ஆதாரம் இருக்காது. கஸ்டம்ஸ் மட்டும் உங்களை விடாது, உண்மையான பயனாளியும் 'இறக்குமதியாளர்' என்ற சொல்லுக்குள் வருகிறார். டிஜிஎஃப்டியில் (வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) 500 ரூபாய்க்குச் சொந்த எண் கிடைக்கிறது, உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, பிறகு எதற்கு இந்த வேலை?

சப்ளையரோடு சாட் போதாது, இரண்டு பக்க ஒப்பந்தமாவது வேண்டும். இந்திய நீதிமன்றத் தீர்ப்பை வைத்துக்கொண்டு சீனாவில் பணம் வசூலிக்க நேரடி வழி இல்லை, நடுவர் தீர்ப்பு என்றால் நியூயார்க் உடன்படிக்கையின் கீழ் நிறைவேற்றலாம், அதனால் சிங்கப்பூர் நடுவர் மன்றம் என்று எழுதுங்கள். ஆறு ரிஃபார்மருக்கு யாரும் சிங்கப்பூர் போய் வழக்காடப் போவதில்லை, உண்மையில் உங்களைக் காப்பாற்றுவது பணத்தைப் பிரித்துக் கொடுப்பதுதான்: 30% முன்பணம், மீதி ஏற்றுவதற்கு முன் மூன்றாம் நபர் சோதனை அறிக்கை வந்த பிறகு. மரப்பெட்டியில் ஐஎஸ்பிஎம்-15 முத்திரை (பூச்சி இல்லாமல் பதப்படுத்திய மரம் என்பதற்கான அடையாளம்) இருக்க வேண்டும் என்றும், இன்வாய்ஸ் விலை செலுத்திய விலைக்குச் சமமாக இருக்க வேண்டும் என்றும் ஒவ்வொரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள், அதைத் தனியாக வரவழைத்தால் கூரியரும் கிளியரன்ஸும் ஸ்பிரிங் விலையையே தாண்டிவிடும், உபரி செட்டையும் இதே பெட்டியில் போட்டு அதே இன்வாய்ஸில் தனி வரியாக, சரியான விலையோடு காட்டச் சொல்லுங்கள்.