குரு மேல பக்தி, மனசுல கேள்வி

கேள்வி: பன்னெண்டு வருஷமா ஒரு குருவைக் கும்பிடறேன், அவர் சொல்லிக்கொடுத்த தியானம்தான் என்னை டிப்ரஷன்ல இருந்து மீட்டுச்சு... இப்போ அவர் மேல பாலியல் புகார், சொல்றவங்களும் கூடவே இருந்தவங்கதான். சந்தேகப்பட்டா குரு துரோகம்ங்கறாங்க. என்ன செய்ய?

பதில்: உங்களுக்குக் கிடைச்ச நிம்மதி நிஜம்தாங்க, அதை யாரும் பிடுங்க முடியாது. ஆனா உங்ககிட்ட நல்லபடியா நடந்துகிட்டார்ங்கறது, இன்னொருத்தர்கிட்டயும் அப்படித்தான் நடந்துகிட்டார்ங்கறதுக்கு சாட்சி ஆகாதே. சந்தேகமே துரோகம்னா புத்தரை என்னன்னு சொல்றது? புத்தரோட போதனைத் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்துல, 47வது சூத்திரத்துல, என்னையே கண்ணால பார்த்து காதால கேட்டு சோதிச்சுக்கோங்கன்னு சீடர்கள்கிட்ட சொல்றார்.

திபெத்திய குரு சோக்யால் ரின்போச்சே மேல 2017ல புகார் லெட்டர் எழுதினது அவரோட எட்டு சீடர்கள், அதுவும் ரொம்ப வருஷமா கூட இருந்தவங்க. 2018ல வந்த தனி விசாரணை அறிக்கையும், சில சீடர்களுக்கு உடல்ரீதியா, பாலியல்ரீதியா கொடுமை நடந்திருக்குங்கற முடிவுக்குத்தான் வந்துச்சு. வருஷக்கணக்கா வாயைத் திறக்காம இருந்ததுக்கு பக்தியும் ஒரு காரணம், அதுதான் கொடுமை.

புகார் வந்ததாலேயே குற்றம் நிரூபணமாகிடாது, சரிதான். அதனால விசாரணை முடியற வரைக்கும் காணிக்கை, சேவை ரெண்டையும் நிறுத்தி வைங்க. தியானத்தை விட வேண்டாம். புகார் சொன்னவங்களைத் திட்டற கூட்டத்துல மட்டும் போய் நிக்காதீங்க.