பாட்டியின் கணக்கு நோட்டு

கேள்வி: பெரியம்மா, எங்கள் பாட்டி காலமான பிறகு அவர் பெட்டியில் ஒரு கணக்கு நோட்டு கிடைத்தது. 1946இல் தாத்தாவோடு கப்பலில் ரங்கூன் (இன்றைய யாங்கோன்) வந்தவர். நோட்டு 1947இலிருந்து 1949 வரை போகிறது. அப்போது அவருக்கு இருபது வயசு, கையில் முதல் பிள்ளை, அதாவது என் அம்மா. "அரிசி 5 டின், ஙப்பி (மீன் விழுது) கால் வீசை, கரி 2 அணா" என்று பக்கம் பக்கமாக இதேதான். நாலு பேர் வீட்டில் ஒரே நாளில் ஐந்து டின் அரிசியா? தன்னைப் பற்றி ஒரு வரிகூட ஏன் எழுதவில்லை?
– ஒரு வாசகி, யாங்கோன்

பதில்: மகளே, அது மண்ணெண்ணெய் டின் இல்லை, பால் டின். கெட்டிப்பால் தீர்ந்ததும் டப்பாவைக் கழுவி அரிசி அளக்க வைத்துக்கொள்வார்கள். பர்மா அளவில் எட்டு பால் டின் ஒரு ப்யி, பதினாறு ப்யி ஒரு கூடை. ஒரு டின்னில் கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடவே பிடிக்கும். மூன்று வேளையும் சோறுதான் என்றிருந்த வீட்டில் ஐந்து டின் ஒன்றும் அதிகமில்லை. வீசையிலும் ஏமாந்துவிடாதே, தமிழ்நாட்டு வீசை சுமார் 1.4 கிலோ, பர்மா வீசை 1.63 கிலோ. பெயர் நம்முடையது, எடை இவர்களுடையது. புதிதாக வந்து இறங்கிய பெண்கள் குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று என் அம்மா சொல்வார்.

தன்னைப் பற்றி எழுதவில்லை என்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நானும் 1947இல் பிறந்தவள், என் அம்மாவும் இதே மாதிரி ஒரு நோட்டு வைத்திருந்தார். அதில் மூன்று நாள் தொடர்ந்து "ஓமம் அரை அணா, வசம்பு" என்று இருந்தது. என்ன இது என்று கேட்டேன். நான் வயிற்றுவலியில் ராத்திரி முழுக்க அழுதேனாம், அப்பா வேலைக்குப் போகவேண்டும் என்று அம்மா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு விடியும்வரை மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தாராம். நோட்டில் இருப்பது அரை அணா மட்டும். நான் பிறந்த வாரத்தில் மஞ்சள் மட்டும் அரை வீசை வாங்கியிருக்கிறார். பிள்ளை பெற்ற உடம்பில் மஞ்சள் பூசுவது பர்மியர் வழக்கம், பக்கத்து வீட்டு அக்காதான் வந்து பூசிவிட்டிருக்கிறார். பர்மியில் அக்காவை 'அமா' என்பார்கள், எங்கள் அம்மா அதை 'அம்மா' என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார். தாயும் மாமியாரும் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது பத்தியம் பார்க்க வேறு யார் இருந்தார்கள்? என் கன்னத்தில் தனக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசியது அந்த அக்கா, கையில் வசம்பு கட்டியது என்னைப் பெற்ற அம்மா.

இன்னொன்று, 1949 பிப்ரவரிப் பக்கத்தைப் புரட்டிப் பார். ஜனவரி 31 அன்று இன்செயினில் கரேன் இனத்தார் படைக்கும் அரசுப் படைக்கும் சண்டை தொடங்கி 112 நாள் நடந்தது. இன்செயின் ரங்கூனிலிருந்து ஒன்பது பத்து மைல்தான். அந்த வாரத்தில் என் அம்மா, தினமும் டின் கணக்கில் வாங்கியவர், ஒரேயடியாக அரைக் கூடை அரிசி, கருவாடு, உப்பு, தீப்பெட்டி என்று வாங்கி வைத்திருக்கிறார். பயமாக இருந்தது என்று எங்கேயும் எழுதவில்லை. உன் பாட்டியின் நோட்டிலும் அப்படி ஒரு பக்கம் இருந்தால் எனக்கு எழுது.

கேள்வி: எங்கள் அம்மாயி கிழிந்த வேட்டியைக்கூடத் தூக்கிப் போட விடமாட்டார். இது கஞ்சத்தனம்தானே?
– ஒரு வாசகர், மோல்மேன்

பதில்: தம்பி, அந்தச் சொல்லை அவர் காதுபடச் சொல்லிவிடாதே. 1942இல் ஜப்பான் படை வந்ததும் வெளியிலிருந்து துணி வருவது நின்றுவிட்டது, இங்கே நெய்தது ஊருக்குப் போதவில்லை. போர் முழுக்க இங்கேயே இருந்த என் அப்பா, சாக்கைக் கட்டிக்கொண்டு நடந்தவர்களைப் பார்த்திருக்கிறார். போர் முடிந்த மறுநாளே கடைகள் நிறைந்துவிடவில்லை. அந்தச் சமயத்தில் பிள்ளை பெற்றவளுக்குக் கிழிந்த வேட்டிதான் தூளி, அதிலேயே இன்னும் நைந்த பகுதி பிள்ளைக்கு இடுப்புத் துணி, அதுவும் போனால் கரியடுப்பிலிருந்து சட்டியை இறக்கும் பிடிதுணி. ஒரு வேட்டி மூன்று வருஷம் வரும். அம்மாயியிடம் உட்கார்ந்து, எந்த வேட்டியில் யாருக்குத் தூளி கட்டினார் என்று கேள், பெயரோடு சொல்வார்.

கேள்வி: பெரியம்மா, மறுபடி நான்தான். நோட்டின் அட்டைக்குள் ஜப்பான் ரூபாய் ஒன்று ஒட்டியிருக்கிறது. பிய்த்து எடுத்தால் விலை போகுமா?
– அதே வாசகி

பதில்: பெரிதாகப் போகாது. 1945இல் ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் அதைச் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள், சம்பளமும் சேமிப்பும் அதில் இருந்தவர்கள் ஒரே நாளில் வெறுங்கையானார்கள். எங்கள் வீட்டில் ஒரு தகர டப்பா நிறைய இருந்ததை அம்மா கரி பற்றவைக்க எடுத்தே தீர்த்தார். பிய்க்காதே, பழைய பசை தாளையும் சேர்த்துக் கிழித்துவிடும். பென்சில் எழுத்து மங்குவதற்குள் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து வை, காலியான பக்கங்களையும் சேர்த்து.